முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய் விடாதீர்கள்

"எங்கள் இணையதளம் புதுப்பொலிவுடன்..." என்ற அறிவிப்பைப் பார்த்தாலே எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். புது வண்ணம், புது மெனு எல்லாம் வந்திருக்கும். பழைய கட்டுரையின் இணைப்பைத் தட்டினால் மட்டும் முகப்புப் பக்கம் வந்து நிற்கும்.

404 என்ற பிழைச்செய்தி வந்தால்கூட எனக்குக் கோபமில்லை. அந்தப் பக்கம் இங்கே இல்லை என்று அது உண்மையையாவது சொல்கிறது. முகப்புக்குத் தள்ளிவிட்டால், கட்டுரை இருக்கிறதா, போய்விட்டதா, நாம்தான் தப்பாகத் தட்டினோமா என்று எதுவும் புரியாது. செத்த இணைப்புகளைத் தேடும் நிரல்களும் ஏமாந்துபோகும். சர்வர்தான் "எல்லாம் சரி" என்று பதில் சொல்லிவிடுகிறதே! தேடுபொறிக்காரர்கள் இதை 'சாஃப்ட் 404' என்பார்கள். பெயரில்தான் சாஃப்ட்.

இத்தனைக்கும் தீர்வு ஒன்றும் புதிதல்ல. முகவரிகள் தானாக மாறுவதில்லை, ஆட்கள்தான் மாற்றுகிறார்கள் என்று உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே எழுதிவிட்டார். தளத்தை இயக்கும் மென்பொருளின் அடையாளத்தை முகவரியில் வைக்காதீர்கள் என்றும் சொன்னார். இன்றும் '.பிஎச்பி' என்று நிரல்மொழியின் பெயரோடு முடியும் முகவரிகள் எத்தனை! நாளைக்கு மென்பொருளை மாற்றினால் அத்தனையும் போச்சு.

சரி, மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், பழைய முகவரியைத் தட்டுபவரைப் புதியதற்கு அனுப்பும் ரீடைரெக்ட் இருக்கிறது. அதற்குச் சர்வர் சொல்லும் பதில் எண் 301. "இந்தப் பக்கம் நிரந்தரமாக அங்கே போய்விட்டது" என்று பொருள். வேண்டுமென்றே நீக்கிய பக்கத்துக்கான எண் 410. பிரிட்டன் அரசு 2012-இல் டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் என்ற தன் பழைய தளங்களை மூடி கவ்.யூகே என்ற புதிய தளத்தைத் தொடங்கியபோது, பழைய முகவரி ஒவ்வொன்றும் எங்கே போகவேண்டும் என்று பட்டியல் போட்டு வேலை செய்தார்கள். புதிய தளத்தில் இடமில்லாத பக்கங்களுக்கு 410 கொடுத்து, தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள பிரதிக்கு வழி காட்டினார்கள். அலுப்பான வேலைதான், ஆனால் ஓர் அரசாங்கமே செய்திருக்கிறது. சில ஆயிரம் பக்கங்கள் உள்ள தளம் "முடியாது" என்றால் எப்படி நம்புவது?

ரீடைரெக்டைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருங்கள் என்கிறது கூகுள். தேடுபொறிக்கு அது போதும். புத்தகத்தின் அடிக்குறிப்பிலும் தீர்ப்பின் நகலிலும் அச்சாகிவிட்ட முகவரியை யார் போய்த் திருத்துவது? அதற்கெல்லாம் காலக்கெடு கிடையாது. 2013-இல் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்தே ஆண்டுகளில் கிடைக்காமல் போனதாகப் பியூ ஆய்வு மையம் 2024-இல் சொன்னது.

"வேபேக் மெஷின்தான் இருக்கிறதே" என்பார்கள். பழைய இணையப் பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைக்கும் அந்தக் காப்பகம் இருக்கிறது, அதை நடத்துபவர்களுக்குப் பெரிய கும்பிடு. ஆனால் அது எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்காது. அப்படி ஒன்று இருப்பதே பெரும்பாலான வாசகர்களுக்குத் தெரியாது. அப்புறம், நீங்கள் போட்ட குப்பையை லாபநோக்கற்ற ஒரு நிறுவனம் ஏன் அள்ளவேண்டும்?

இன்னொன்று. புது டொமைனுக்கு, அதாவது புதுத் தளப்பெயருக்குப் போனாலும் பழையதற்கு வருடாவருடம் பணம் கட்டிக்கொண்டே இருங்கள். விட்டுவிட்டால் வேறு யாராவது பதிவுசெய்துகொள்ளலாம், சூதாட்டத் தளம் நடத்துபவர்கள்கூட. உங்களை நம்பி இணைப்புக் கொடுத்த பள்ளிகளும் நூலகங்களும் அன்றிலிருந்து தங்கள் வாசகர்களை அவர்களிடம்தான் அனுப்பிக்கொண்டிருக்கும், தங்களுக்கே தெரியாமல்.