ஃபோர்க் பாடத்தில் விட்டுப்போன செலவுக் கணக்கு

ஓடும் ஒரு நிரல் (ப்ராசஸ்) தன்னைப் போலவே இன்னொன்றைப் பிறப்பிக்கக் கெர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியிடம், கேட்கும் அழைப்புதான் ஃபோர்க். அடுத்தடுத்து மூன்று ஃபோர்க் எழுதினால் ‘ஹலோ’ எத்தனை முறை அச்சாகும்? கணினி அறிவியல் படித்த பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எட்டு என்று சொல்லிவிடும். பருவத் தேர்வில் வரும், வளாக நேர்காணலில் வரும், நடுவில் ஓர் ‘அண்ட்’, ஓர் ‘ஆர்’ செருகிப் போட்டித் தேர்வுகளிலும் வரும். சரி, அந்த எட்டில் முதலாவது போக மீதி ஏழு ப்ராசஸும் பிறக்கக் கெர்னலுக்கு என்ன செலவானது என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் விழிப்பார்கள். மீதிப் பேர், “காப்பி ஆன் ரைட் இருக்கிறதே அக்கா, எழுதும்போதுதானே நகலெடுக்கும், ஃபோர்க் இலவசம்தான்” என்பார்கள். விழிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. இலவசம் என்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

கோத்தகிரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் கூடிப் படிக்கிறோம். எல்லாரும் கோயம்புத்தூரில் பொறியியல் முடித்துவிட்டு, வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கும் பிள்ளைகள். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்கவில்லை என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்க, பக்கத்து அறையில் ஏதோ ஒரு நாட்டு நிறுவனத்தின் சர்வரைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒரு பெண் ஒரு சிக்கலோடு வந்தாள். அவளுடைய நிறுவனத்தில் தரவு முழுவதையும் ராமிலேயே வைத்திருக்கும் ஒரு தரவுத்தளம். வட்டில் பிரதி எடுக்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் எல்லாம் நின்றுபோகிறது. மூத்தவர்கள் சொன்ன வைத்தியம்: ராமைக் கூட்டு. கூட்டினார்கள். இடம் இருக்கிறதே என்று தரவையும் ஏற்றினார்கள். நின்றுபோகும் நேரம் இன்னும் நீண்டது.

நீளாமல் எப்படி இருக்கும்? அந்தப் பிரதியை எடுப்பது ஃபோர்க்கில் பிறந்த பிள்ளை ப்ராசஸ். ஃபோர்க்கில் நகலாவது தரவு இல்லை என்பது உண்மைதான். ஆனால் ப்ராசஸ் பயன்படுத்தும் எந்த மெய்நிகர் முகவரி ராமின் எந்தப் பக்கத்தை (சம அளவுத் துண்டை) காட்டுகிறது என்று எழுதி வைத்திருக்கும் பேஜ் டேபிள் நகலாகிறது. எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், நிலத்தை யாரும் நகலெடுக்கவில்லை. கிராமப் பதிவேட்டை வரிக்கு வரி இன்னொரு நோட்டில் எழுதுகிறார்கள். எழுதும்போதே மூலப் பதிவேட்டிலும் ஒவ்வொரு வரியாக, “இது இனிக் கூட்டுப் பட்டா, கேட்காமல் கை வைக்காதே” என்று குறிக்கிறார்கள். பிறகு இருவரில் ஒருவர் மண்வெட்டியைப் போடும் அன்றுதான் சர்வேயர் வந்து உட்பிரிவு செய்கிறார். கூட்டுப் பட்டாவைப் பிரிக்காமலே மூன்று தலைமுறை ஓட்டும் குடும்பங்கள் இந்த மலையில் ஏராளம் என்பதால், பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபட்டது. பதிவேடு எவ்வளவு தடிமன் என்பதுதான் அவர்கள் கேட்டிராத கேள்வி.

எக்ஸ்86-64 கணினியில் ஒரு பக்கம் 4 கேபி. அதற்கு பேஜ் டேபிளில் ஒரு பதிவு, 8 பைட். 24 ஜிபி தரவு இருந்தால் 62,91,456 பதிவுகள். கடைசி அடுக்கு அட்டவணை மட்டுமே 48 எம்பி. இங்கேதான் ஒரு சுவையான முரண் இருக்கிறது. வெறும் 48 எம்பியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்க இன்றைய கணினிக்குச் சில மில்லி நொடிகள் போதும். ஆனால் இந்த வகைத் தரவுத்தளங்களில் பலரும் அறிந்த ரெடிஸின் ஆவணத்தைப் பாருங்கள். நேரடி வன்பொருளில் ஃபோர்க்குக்கு ஜிபி ஒன்றுக்குச் சுமார் 13 மில்லி நொடி என்று போட்டிருக்கிறது. 24 ஜிபிக்கு 300 மில்லி நொடியைத் தாண்டும். பழைய ஸென் மெய்நிகர் கணினியில் ஜிபிக்குச் சுமார் 239 மில்லி நொடி; அதாவது அதே தரவுக்கு ஐந்தரை நொடிக்கும் மேல்.

சில மில்லி நொடி எங்கே, 300 எங்கே? இடையில் இருப்பதுதான் பாடம். ஒவ்வொரு பதிவையும் தொடும்போது, அது காட்டும் பக்கத்துக்கென்று கெர்னல் வேறோர் இடத்தில் வைத்திருக்கும் குறிப்பையும் திறந்தாக வேண்டும். இந்தப் பக்கத்தைப் பிடித்திருப்பவர்கள் எத்தனை பேர், எத்தனை அட்டவணைகள் இதைக் காட்டுகின்றன என்ற இரண்டு எண்ணிக்கைகளையும் கூட்ட வேண்டும். அதுவும் வேறொரு சிபியு குறுக்கே வந்து கெடுத்துவிடாதபடி அணுநிலைக் கூட்டலாக. அந்தக் குறிப்புகள் நினைவகத்தில் சிதறிக் கிடக்கும், சிபியுவுக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான கேஷில் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் சிபியு ராம் வரை போய்த் திரும்ப வேண்டும். இந்த நடையை 62 லட்சம் தடவை நடந்தால் நேரம் ஆகாமல் என்ன செய்யும்? நகலெடுப்பதை விடக் கணக்கு வைப்பதற்கே செலவு அதிகம். இது முடியும்வரை தாய் ப்ராசஸின் நினைவக வரைபடம் பூட்டில் இருக்கிறது. ஃபோர்க்கை அழைத்த திரிக்கு (ப்ராசஸுக்குள் ஓடும் வேலை இழைக்கு) நகர வழியில்லை. பூட்டு திறந்த பிறகும் சுமை விடுவதில்லை. தாய் ஒரு பக்கத்தில் முதல் முறை எழுதும்போதெல்லாம் ஒரு பக்கப் பிழை (கெர்னல் குறுக்கிட்டுச் சரிசெய்ய வேண்டிய தடங்கல்), 4096 பைட் நகல்.

ஸென் ஏன் அத்தனை மோசம் என்று சிக்கலோடு வந்த அந்தப் பெண் கேட்டாள். அந்தப் பழைய முறையில், மெய்நிகர் கணினிக்குள் ஓடும் விருந்தினர் கெர்னல் தன் பேஜ் டேபிளைத் தானே திருத்த முடியாது; மெய்நிகர் கணினிகளை நடத்தும் ஹைப்பர்வைசரிடம் அனுமதி வாங்கித்தான் திருத்த வேண்டும். இன்றைய சிபியுக்களில் மெய்நிகராக்கத்துக்கு வன்பொருளே துணை செய்வதால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

கெர்னல்காரர்கள் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 2005-இல் நிக் பிக்கின் கொண்டுவந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது: கோப்பிலிருந்து மறுபடி கண்டெடுக்கக்கூடிய பக்கங்களுக்குப் பதிவை நகலெடுக்கவே வேண்டாம், பிள்ளைக்குத் தேவைப்படும்போது பக்கப் பிழை வரட்டும், அப்போது நிரப்பிக்கொள்ளலாம். செய்யாமல் விடக்கூடிய வேலையைக் கண்டுபிடிப்பதுதான் முதல் தரமான மேம்பாடு. இன்னும் ஒரு படி மேலே போய், அட்டவணையையே தாயும் பிள்ளையும் பகிர்ந்துகொண்டால் என்ன என்று 2002 வாக்கிலேயே டேவ் மெக்ராக்கன் முயன்றார். லினக்ஸின் பிரதான கிளையில் அது சேரவில்லை. சிறிய ப்ராசஸ்கள் பிறந்தவுடனேயே தம் ஸ்டாக்கிலும் தரவிலும் எழுதிவிடுகின்றன. பகிர்ந்ததைப் பிரிக்கும் வேலைதான் மிஞ்சும். 2021-இல் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெரிய ப்ராசஸ்களை மனத்தில் வைத்து அதே எண்ணத்தை ‘ஆன் டிமாண்ட் ஃபோர்க்’ என்று புதுப்பித்துக் கட்டுரை வெளியிட்டார்கள்.

2024-இல் வந்த 6.9 கெர்னலில் டேவிட் ஹில்டன்பிராண்ட் செய்தது அலங்காரமில்லாத வேலை. தொடர்ச்சியான பல பக்கங்கள் ஒரே ஃபோலியோவை (கெர்னல் ஒன்றாகக் கையாளும் பக்கத் தொகுப்பை) சேர்ந்தவையாக இருந்தால், அவற்றின் பதிவுகளை ஒவ்வொன்றாகத் தொடாமல் கற்றையாகக் கையாள்வது. 64 கேபி ஃபோலியோ என்றால் 16 பதிவுகள். பதினாறு முறை ஒன்றைக் கூட்டுவதற்குப் பதில் ஒரே முறை பதினாறைக் கூட்டுவது. எழுதத் தடை போடுவதும் கற்றையாகவே. கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். அந்த ‘இவ்வளவுதான்’ சாத்தியமாவதற்கு முன், ஒரு பக்கத்தை யார் யார் காட்டுகிறார்கள் என்று கணக்கு வைக்கும் பகுதியையே அவர் திருத்தி எழுத வேண்டியிருந்தது. நம்மூரில் ‘ஆப்டிமைசேஷன்’ என்றால் இரண்டு வரி மந்திரம் என்று நினைக்கும் நேர்காணல் வல்லுநர்கள் அந்தத் திருத்தங்களை ஒரு தடவையாவது பொறுமையாகப் படிக்க வேண்டும்.

பொறுமைக்குக் காரணமும் இருக்கிறது. இந்தப் பாதையில் சிறு பிசகு நேர்ந்தாலும் பாதுகாப்பு போய்விடும். 2016-இல் அம்பலமான ‘டர்ட்டி கவ்’ ஓட்டை இதே காப்பி ஆன் ரைட் தர்க்கத்தில் இருந்த ஒரு பந்தயச் சிக்கல்தான்; அதாவது, ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு வேலைகளில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விளையும் பிழை. 2007 முதல் கெர்னலில் இருந்தது. சாதாரணப் பயனர் ஒருவர், படிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பில் எழுதிவிட முடிந்தது.

2019-இல் நான்கு ஆய்வாளர்கள் சேர்ந்து, ஃபோர்க் இனி வேண்டாம், வகுப்பில் அதை ஒரு வரலாற்றுப் பொருளாக மட்டும் சொல்லிக்கொடுங்கள் என்று கட்டுரை எழுதினார்கள். அவர்களுடைய புகார்கள் பெரும்பாலும் நியாயமானவை. ஆனால் முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை. ஃபோர்க்கை விட நல்ல பாடப்பொருள் எது? யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி எழுதியபடி, பிடிபி-7 என்ற பழைய கணினியில் ஓடிய முதல் யுனிக்ஸில் ஃபோர்க்குக்குத் தேவைப்பட்டது துல்லியமாக 27 வரி அசெம்பிளி. ஓடும் ப்ராசஸை எப்படியும் வட்டுக்கு எழுதும் வசதி அங்கே இருந்தது. அப்படி எழுதிவிட்டு, நினைவகத்தில் இருப்பதையே பிள்ளையாகத் தொடரவிட்டால் போதும். அன்றைக்கு அது உண்மையிலேயே மலிவு. நினைவகம் வளர வளர விலை ஏறியது. ஒரு வடிவமைப்பு எந்தக் காலத்தில் சரியாக இருந்தது, எப்போது பாரமானது என்பதை இதைவிடத் தெளிவாக மாணவருக்குக் காட்ட முடியாது. தூக்கி எறியாமல், செலவோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

வேறொரு நிரலைத் தொடங்குவதற்காக மட்டும் ஃபோர்க் செய்பவர்களுக்கு இந்தச் செலவு அறவே தேவையில்லை. 1979-லேயே யுனிக்ஸின் ஒரு வகையான பிஎஸ்டியில் விஃபோர்க் வந்துவிட்டது: பிள்ளை எக்ஸெக் செய்யும்வரை (புதிய நிரலை ஏற்றிக்கொள்ளும்வரை) தாய் காத்திருக்கும், அட்டவணை நகல் கிடையாது. தாயின் நினைவகத்திலேயே பிள்ளை ஓடுவதால் கவனம் தேவை. அதைப் பாதுகாப்பாகப் பொதிந்து கொடுப்பதுதான் போசிக்ஸ் ஸ்பான். பைத்தானின் சப்ப்ராசஸ் 3.10 முதலும், கோ மொழி 1.9 முதலும் லினக்ஸில் இந்த வழியில்தான் போகின்றன. பழைய பதிப்பிலேயே உட்கார்ந்துகொண்டு சர்வர் போதவில்லை என்று புலம்புபவர்களை நான் அறிவேன்.

செலவைக் கண்ணால் பார்க்க ஓர் ஆய்வக வகுப்பு போதும். நினைவகம் கேட்கும் அழைப்பான எம்மேப் மூலம் 2 ஜிபி கேளுங்கள். எதையும் தொடாமல் ஃபோர்க் செய்து நேரத்தை அளந்தால், கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். கேட்டது 2 ஜிபி என்றாலும் பேஜ் டேபிளில் பதிவே ஏறவில்லை. அடுத்து, பெரும் பக்கம் (4 கேபிக்குப் பதில் 2 எம்பி) வேண்டாம் என்று கெர்னலுக்கு யோசனை சொல்லும் எம்அட்வைஸ் அழைப்பில் சொல்லிவிட்டு, ஒவ்வொரு 4096 பைட்டுக்கும் ஒரு பைட் எழுதிய பின் ஃபோர்க் செய்யுங்கள். 5,24,288 பதிவுகளின் பாரம் திரையில் மில்லி நொடிகளாகத் தெரியும். மூன்றாவதாக, 2 எம்பி பெரும் பக்கம் வேண்டும் என்று கேட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். பதிவுகள் 1024 ஆகச் சுருங்கிவிடும், நேரமும் சரியும். எங்களுடைய கூட்டத்தில் இதை ஓட்டியபோது, காற்றில் சில்வர் ஓக் மரம் கம்பி மேல் விழுந்து மின்சாரம் போய்விட்டது. மடிக்கணினி பேட்டரிக்கு மாறியதும் சிபியு வேகம் குறைந்து, எல்லா எண்களும் பெருத்துவிட்டன. ஒரு பையன் பதறினான். விகிதத்தைப் பார் தம்பி என்றேன்; மூன்று ஓட்டங்களின் வரிசையும் அப்படியே இருந்தது.

பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை என்று உதவிப் பேராசிரியரான தோழி ஒருத்தி சொல்கிறாள். எட்டு ஹலோவுக்கு இருக்கும் இடத்தில் பாதியைக் கொடுத்தால் போதும். இங்கிருந்து யார் கெர்னல் எழுதப் போகிறார்கள் என்றும் கேட்டாள். எழுத வேண்டாம், தேங்கும் சர்வருக்கு ராம் வாங்கச் சொல்லும் மூத்தவரிடம், ஃபோர்க்குக்கு எத்தனை மைக்ரோ நொடி ஆனது என்ற எண்ணை எடுத்துக் காட்டத் தெரிந்தால் போதும். ரெடிஸே அந்த எண்ணைத் தன் நிலை அறிக்கையில் கொடுக்கிறது.

நிரல் வேண்டுபவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன். 4 ஜிபி மடிக்கணினி வைத்திருப்பவர்கள் அளவை 1 ஜிபியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ராம் போதாமல் வட்டில் ஒதுக்கும் ஸ்வாப்பைத் தொட்டுவிட்டால், நீங்கள் அளப்பது ஃபோர்க்கை அல்ல, உங்கள் வட்டின் வேகத்தை.