மொந்தனெல்லியிடம் கேட்கப்பட்ட கேள்வி

இத்தாலியப் பத்திரிகையாளர் இந்த்ரோ மொந்தனெல்லி வலதுசாரி, கம்யூனிஸ்ட் எதிர்ப்பாளர். அவர் அரசியல் எனக்கு ஒத்துவராது. ஆனாலும் 1994 ஜனவரியில் அவர் எடுத்த முடிவின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

1974இல் அவர் மிலானில் தொடங்கிய நாளிதழ் 'இல் ஜொர்னாலே'. பிற்பாடு அது தொலைக்காட்சி முதலாளி சில்வியோ பெர்லுஸ்கோனி குடும்பத்தின் கைக்குப் போனது. பெர்லுஸ்கோனி அரசியலில் இறங்கியதும், ஆசிரியரான மொந்தனெல்லி இல்லாத நேரத்தில் அலுவலகத்துக்கே வந்து, பத்திரிகை தன் பக்கம் நின்று எழுத வேண்டும் என்று ஊழியர்களிடம் பேசினார். மொந்தனெல்லி வெளியேறிவிட்டார். அப்போது அவருக்கு வயது 84! அந்த வயதில் 'லா வோச்சே' என்று இன்னொரு நாளிதழ் தொடங்கினார். ஓராண்டு சொச்சத்தில் மூட வேண்டியதாயிற்று, அது வேறு விஷயம்.

துப்பாக்கிக்கும் அவர் பணியவில்லை. 1977 ஜூனில் 'ரெட் பிரிகேட்ஸ்' என்ற இத்தாலியத் தீவிர இடதுசாரி ஆயுதக் குழுவினர் காலில் சுட்டபோது, மிலான் பூங்காவின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பார்த்தார். இன்று அந்தப் பூங்காவுக்கே அவர் பெயர்தான். உள்ளே மடியில் தட்டச்சுப் பொறியோடு அவர் சிலையும் இருக்கிறது.

2020 ஜூனில் அந்தச் சிலைமேல் சிவப்பு பெயின்ட் ஊற்றினார்கள். ஏன்?

1935இல் எத்தியோப்பியாவைப் பிடிக்கப் போன முசோலினியின் படையில் அவரும் ஓர் அதிகாரி. அங்கே 12 வயதுச் சிறுமியை 'மனைவி'யாக விலைக்கு வாங்கினார். குதிரை, துப்பாக்கி, சிறுமி எல்லாம் சேர்த்து 500 லீரா என்று பின்னாளில் அவரே பேட்டியில் சொன்னார். 1969இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதைக் கூச்சமே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தபோது, பார்வையாளர்களில் இருந்து எல்விரா பனோத்தி எழுந்தார். எரித்திரியாவின் அஸ்மாராவில் பிறந்த பத்திரிகையாளர். ஐரோப்பாவில் 12 வயதுக் குழந்தையிடம் இப்படி நடந்தால் வன்புணர்வு என்பீர்களே, ஆப்பிரிக்கா என்றால் மட்டும் என்ன வித்தியாசம் என்று நேருக்கு நேர் கேட்டார். அங்கெல்லாம் அப்படித்தான் என்பதற்கு மேல் மொந்தனெல்லியிடம் பதில் இல்லை. 2000இல், சாவதற்கு முந்தைய ஆண்டு, தன் பத்தியில் மறுபடி அதே கதையை எழுதினார். அப்போதும் வருத்தம் இல்லை.

அந்தக் காலம் அப்படி என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். எனக்கு அது ஏற்பில்லை. 2000ஆம் ஆண்டு எந்தக் காலம்? முதலாளியை எதிர்த்து நிற்கத் தெரிந்தவருக்கு, ஒரு சிறுமிக்குத் தான் செய்ததைத் திரும்பிப் பார்க்க அறுபத்தைந்து ஆண்டுகள் போதவில்லையா?

சிலையை இடிக்கச் சொல்லவில்லை. இதழியல் மாணவர்களுக்கு 1994 ராஜினாமாவைச் சொல்லிக்கொடுங்கள், தாராளமாக. அதே வகுப்பில் பனோத்தி எழுந்து கேட்ட அந்த 1969 காட்சியையும் போட்டுக் காட்டுங்கள்.