மூன்று அண்டங்காக்கைகளும் ஒரு லூட்டும்

ஆல்ஃபிரட் டெல்லர் பாடிய ‘தி த்ரீ ரேவன்ஸ்’ (மூன்று அண்டங்காக்கைகள்) இசைத்தட்டை இந்த வாரம் மட்டும் நாலைந்து தடவை கேட்டுவிட்டேன். 1950களில் வான்கார்ட் நிறுவனம் வெளியிட்டது. இங்கிலாந்தின் பழைய நாட்டுப்பாடல்கள். பெரும்பாலும் ஒரு குரல், கூடவே டெஸ்மண்ட் டூப்ரே வாசிக்கும் லூட் (கிட்டார் மாதிரி மீட்டும் பழைய நரம்புக் கருவி), அவ்வளவுதான்.

முதல் தடவை கேட்பவர்கள் பாடுவது பெண் என்றே நினைப்பார்கள். டெல்லர் தாடி வைத்த ஆள். ஃபர்னிச்சர் கடையில் வேலை பார்த்துக்கொண்டே தேவாலயத்தில் பாடியவர். அந்த உச்சக் குரலை, கவுண்டர்டெனர் என்பார்கள், மேடைக்குத் திரும்பக் கொண்டுவந்ததில் அவர் பங்கு பெரியது. அவரை மனதில் வைத்துத்தான் 1960இல் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் தன் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ ஓபராவில் ஓபரான் பாத்திரத்தை எழுதினார்.

இந்தத் தட்டைப் பிடிக்காதவர்கள் சொல்வது ஒன்றுதான்: நாட்டுப்பாட்டுக்கு லூட் எதற்கு? நியாயமான கேள்வி. 1903இல் இங்கிலாந்தின் சாமர்செட்டில் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் செசில் ஷார்ப் முதன்முதலில் குறித்துக்கொண்ட பாட்டை, ஒரு தோட்டக்காரர் வேலை செய்தபடி வெறும் வாயால்தான் பாடிக்கொண்டிருந்தார்.

ஆனால் அண்டங்காக்கைப் பாட்டு நமக்குக் கிடைத்ததே இசையமைப்பாளர் ரேவன்ஸ்கிராஃப்ட் 1611இல் அச்சிட்ட புத்தகத்திலிருந்து. அதிலேயே நான்கு குரல்களுக்கு அமைத்திருக்கிறார். ‘பார்பரா ஆலன்’ என்ற இன்னொரு பழைய பாட்டை 1666இல் நாட்குறிப்புக்காரர் சாமுவேல் பெப்பிஸ் கேட்டது லண்டனில், ஒரு நடிகை பாடி. அப்புறம் எது சுத்தமான கிராமத்துப் பாட்டு, எது பட்டணத்துப் பாட்டு?

எனக்கு லூட்தான் முக்கியம். நரம்புக் கம்பிகள், மீட்டியதும் ஓசை அடங்கிவிடும். அதோடு பாடுகிறவர் கத்த முடியாது. கத்தினால் லூட் காணாமல் போகும். அண்டங்காக்கைப் பாட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் கதை இரண்டடிதான் நகரும், மீதியெல்லாம் திரும்ப வரும் அதே அடியும், ‘டவுன் டெரி டவுன்’ என்று பொருளில்லாத சொற்களும். காலை உணவுக்கு என்ன செய்யலாம் என்று காக்கைகள் பேசிக்கொள்கின்றன. கீழே கேடயத்தின் அடியில் செத்துக்கிடக்கிறான் ஒரு வீரன். நாய்களும் வல்லூறுகளும் காவல் இருக்கின்றன. சினை மான் ஒன்று வந்து ரத்தம் தோய்ந்த தலையைத் தூக்கி, காயங்களை முத்தமிட்டு, முதுகில் சுமந்துபோய்ப் புதைக்கிறது. மாலை வழிபாட்டுக்கு முன் தானும் செத்துப்போகிறது. மான் என்றது அவன் காதலியைத்தான் என்று கடைசி அடியில்தான் பிடிபடும். இவ்வளவு சோகத்திலும் டெல்லர் அழுது பாடுவதில்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரி பாடிவிட்டுப் போகிறார்.

எல்லாப் பாட்டுக்கும் இது ஒத்துவராது, சரி. ஜிப்ஸிகளோடு போக மெத்தையையும் கணவனையும் உதறும் சீமாட்டியின் பாட்டை இன்னொரு தட்டில் பாடியிருக்கிறார். அதில் அவள் காலில் சேறே ஒட்டவில்லை. டிராயிங் ரூமைத் தாண்டாத மரியாதை.

போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். நேற்று ராத்திரி ஃபேனை நிறுத்திவிட்டு ஹெட்போனில் கேட்டேன். வேர்த்துக் கொட்டியது. மான் வருகிற இடத்தில் லூட் முழுசாகக் கேட்டது.