போஸ்ட்பஃபரை ஏற்றினால் குளோன் அறுவது நிற்காது

இந்தத் திரியில் ஒருவர், ஆபீஸ் ப்ராக்ஸிக்குப் (நமக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் சர்வர்) பின்னால் கிட் குளோன் (நிரல் களஞ்சியத்தை நம் கணினிக்கு இறக்குவது) பாதியில் அறுந்தால் ‘ஹெச்டிடிபி போஸ்ட்பஃபரை 500 எம்பி ஆக்குங்கள், எஸ்எஸ்எல் வெரிஃபையை (சர்வரின் சான்றிதழைச் சரிபார்ப்பது) அணையுங்கள்’ என்கிறார். தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள்.

போஸ்ட்பஃபர் நாம் சர்வருக்கு அனுப்பும் தரவுக்கானது. குளோனில் தரவு நம் பக்கம் வருகிறது. இயல்பு அளவு 1 எம்பி. அதை ஏற்றினால், சின்ன புஷ்ஷுக்கும் (சர்வருக்கு அனுப்புவது) அந்த முழு அளவு மெமரியும் ஒதுக்கப்படும் என்று கிட்டின் கையேடே எச்சரிக்கிறது.

சான்றிதழ்ச் சிக்கல் என்றால் இணைப்பு தொடக்கத்திலேயே மறுக்கப்படும். 40 சதவீதம் இறங்கியபின் ‘எர்லி இஓஎஃப்’ (தரவு முழுசாக வருமுன் முடிந்துவிட்டது என்ற பிழை) வந்தால் அது வேறு கதை. எங்கள் அலுவலகத்தில் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன்: ஒவ்வொரு முறையும் சரியாக 60-வது விநாடியில் அறுந்தது. ப்ராக்ஸியின் டைம்அவுட்தான் (நேர வரம்பு) காரணம்.

குளோன் விட்ட இடத்திலிருந்து தொடராது. அதனால் முதலில் ‘டெப்த் 1’ (கடைசி நிலை மட்டும்) போட்டு எடுங்கள், அப்புறம் ஃபெட்ச்சில் ‘டீப்பன்’ கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வரலாற்றை இறக்குங்கள். உண்மையிலேயே சான்றிதழ்ப் பிழை வந்தால், நிறுவனத்தின் ரூட் சான்றிதழை வாங்கி ‘எஸ்எஸ்எல் சிஏஇன்ஃபோ’வில் (கிட் நம்பவேண்டிய சான்றிதழ்க் கோப்பைச் சொல்லும் அமைப்பு) காட்டுங்கள். விண்டோஸில் ‘எஸ்சேனல்’ பேக்எண்டுக்கு (விண்டோஸின் சொந்தச் சான்றிதழ்ச் சரிபார்ப்பு) மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சரிபார்ப்பை அணைத்துவிட்டால், நடுவில் யார் நிரலை மாற்றினாலும் உங்களுக்குத் தெரியாது.