சாங்கிக்குப் போனா அருவிய மட்டும் பாத்துட்டு வராதீங்க

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துல இருக்கற ஜூவல் கட்டடத்து அருவி முன்னாடி நின்னு எடுத்த செல்ஃபி போடாத ஆளு நம்ம ஃபீட்ல யாராச்சும் இருக்கீங்களா? அதுல எனக்கு ஒரு பிரச்னையும் இல்ல, 40 மீட்டர் உயரத்துல இருந்து கட்டடத்துக்குள்ளயே தண்ணி கொட்டுனா யாரா இருந்தாலும் ஃபோன தூக்கத்தான் செய்வாங்க. ஆனா 2025ல, விமான நிலையங்களுக்கு ரேங்க் போடற ஸ்கைடிராக்ஸ்காரங்க திரும்பவும் உலகத்திலேயே சிறந்த விமான நிலையம்னு சாங்கிக்கு பட்டம் குடுத்ததுல இருந்து வர்ற பதிவுகள படிச்சா எரிச்சலா இருக்கு. அருவி, பட்டாம்பூச்சித் தோட்டம், சறுக்கு, ஃப்ரீயா சினிமா, இதனாலதான் சாங்கி ஜெயிச்சுதாம். அருவி வந்ததே 2019 ஏப்ரல்லங்க. அதுக்கு முன்னாடி கிட்டத்தட்ட 38 வருசம் அது இல்லாமதான் ஓடுச்சு, அப்பவும் வரிசையா பட்டம் வாங்கிட்டுதான் இருந்துச்சு.

என்னைக் கேட்டா சாங்கியோட தலையெழுத்து மாறுனது 1975 ஜூன்ல. ஒரு நாடு தான் ஏற்கனவே கொட்டுன காச அப்படியே விட்டுட்டு வேற எடத்துக்குப் போறேன்னு முடிவெடுத்த மாசம் அது.

கொஞ்சம் பின்னாடி போவோம். சிங்கப்பூர் விமான நிலையம்னா அது எடம் மாறிட்டே இருந்த ஒண்ணு. மொதல்ல சிலேத்தார், பிரிட்டிஷ் விமானப் படையோட தளம், பயணிகள் விமானமும் அங்கதான் வந்து எறங்குச்சு. அப்புறம் 1937 ஜூன் 12 காலாங், நகரத்த ஒட்டுனாப்புல ஆத்து முகத்துவாரத்துல வட்டமா ஒரு எறங்குதளம், பக்கத்துலயே கடல் விமானம் எறங்கவும் வசதி. தெறந்து சில நாள்லயே அமெரிக்க விமானி அமெலியா இயர்ஹார்ட் உலகத்த சுத்தி வர்ற வழில இங்க எறங்கிட்டுப் போனாங்க, அதுக்கப்புறம் ரெண்டு வாரத்துக்குள்ள பசிபிக்ல காணாமப் போயிட்டாங்க. காலாங் கட்டடம் இன்னைக்கும் நிக்குது, கண்ணாடி கோபுரத்தோட, ஸ்டேடியம் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன் பக்கம் போறவங்க பாத்திருப்பீங்க. ஓல்ட் ஏர்போர்ட் ரோட்ல சாப்பிடப் போறவங்கள்ல எத்தன பேரு அது எந்த ஏர்போர்ட்னு யோசிச்சிருப்பாங்கன்னு தெரியல.

போருக்கப்புறம் விமானம் பெருசாச்சு, காலாங் பத்தல. 1955 ஆகஸ்ட்ல பாய லேபார் வந்துச்சு, ஓடுபாதை நீளமா இருந்துச்சு, ஜெட் விமானமே எறங்கலாம். பழைய ஆளுங்க சொல்ற கதையெல்லாம் பாய லேபார் கதைதான், சொந்தக்காரங்க ஊருக்குப் போனா குடும்பமே கெளம்பி வழியனுப்பப் போய் மாடில நின்னு கையாட்டறது. ஒலிய விட வேகமா பறக்கற கான்கார்டு விமானம் கூட வந்துச்சு! பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் (எஸ்ஐஏ) சேந்து லண்டனுக்கு பஹ்ரைன் வழியா ஓட்டுனாங்க, விமானத்தோட ஒரு பக்கம் எஸ்ஐஏ கலரு, மறு பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் கலரு. 1980லயே அந்த சேவைய நிப்பாட்டிட்டாங்க.

சரி, பிரச்னை என்னன்னா 70கள்ல பாய லேபார சுத்தி ஊரே வந்துருச்சு. கூட்டம் ஏறிட்டே போகுது, ரெண்டாவது ஓடுபாதை வேணும். வெளிநாட்டு ஆலோசகர்கள் சொன்னது அங்கயே பக்கத்துல இன்னொண்ணு போடுங்கன்னுதான், அரசாங்கமும் கிட்டத்தட்ட அதுக்குத் தயாராயிருச்சு. அப்ப பிரதமரா இருந்த லீ குவான் இயூவுக்கு மட்டும் மனசு ஒப்பல. அவரு பாஸ்டன் லோகன் விமான நிலையத்துல விமானமெல்லாம் தண்ணி மேல ஏறி எறங்கறத பாத்திருக்காரு, சத்தம் கடலுக்குப் போயிடுது, ஊருக்கு வர்றதில்ல. பாய லேபார்ல ரெண்டாவது ஓடுபாதை போட்டா ஊருக்கு நடுவுல காலம் பூரா சத்தம். துறைமுக ஆணையத்த நடத்திட்டிருந்த ஹாவ் யூன் சோங்க கூப்பிட்டு சாங்கில முடியுமான்னு பாக்கச் சொல்றாரு. முடியும்னு பதில் வருது, 1981க்குள்ள. பாய லேபார்ல போட்டிருந்த 800 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) முதலீடு போச்சு, புதுசுக்கு இன்னொரு 1.5 பில்லியன் வெள்ளி. அதுவும் எண்ணெய் நெருக்கடி முடிஞ்ச கையோட, விமானத் தொழிலே படுத்துக் கெடந்த நேரத்துல. நெனச்சுப் பாருங்க, நம்ம வீட்ல போன வருசம் மாத்துன டைல்ஸ பேத்தெடுக்கவே மனசு வராது.

அந்த எடத்துக்கும் ஒரு கசப்பான பழைய கதை இருக்கு. ஜப்பான்காரன் காலத்துல 1943ல இருந்து நேச நாட்டு போர்க் கைதிகள வெச்சுத்தான் சாங்கில மொத ஓடுபாதைய வெட்டுனாங்க. போர் முடிஞ்சதும் பிரிட்டிஷ்காரன் ஜப்பானியக் கைதிகள வெச்சு அதையே பலப்படுத்துனான். 1971ல பிரிட்டிஷ் படை கெளம்புனதும் தளம் சிங்கப்பூர் கைக்கு வந்துச்சு. வருசத்துக்கு பல மில்லியன் பேரு டிராலி தள்ளிட்டுப் போற வட்டாரம் அது.

கட்டுன விதத்தப் பத்தி யாரும் பேசறதில்ல. சுமார் 870 ஹெக்டேர் கடல தூத்தாங்க. 5 கோடி கன மீட்டருக்கு மேல மண்ணும் மணலும் கொட்டிருக்காங்க. மூணு ஆத்த திருப்பி விட்டாங்க, 4000க்கு மேல கல்லறைகள தோண்டி மாத்துனாங்க. மாத்தா ஈக்கான், ஆயர் கெமுரோன்னு கடலோர கம்பங்கள், அதாவது கிராமங்கள், இருந்துச்சு, மீனவக் குடும்பங்க, லீவுக்கு தங்கற பங்களா எல்லாம். இப்ப மேப்ல தேடுனா கெடைக்காது. சாங்கிய புகழறவங்க இதையும் சேத்து எழுதணும்னு நான் நெனைக்கறேன். எடுத்த முடிவு சரிதான், ஆனா அதுக்கு விலை குடுத்தவங்க விருது வாங்கற மேடைல இல்ல.

1981 ஜூன் 30 ராத்திரி பாய லேபார்ல இருந்து சாமானெல்லாம் அள்ளிக்கிட்டு வந்து மறுநாள் காலைல கடைய தெறந்துட்டாங்க. 7 மணி வாக்குல கோலாலம்பூர்ல இருந்து எஸ்ஐஏவோட எஸ்கியூ 101 வந்து எறங்குச்சு, அதான் மொத விமானம். ஆறே வருசத்துல கடல தூத்து விமான நிலையம் கட்டி தெறந்தாச்சு.

அப்புறம் நடந்ததெல்லாம் அதே புத்தியோட தொடர்ச்சி. டெர்மினல் 1 நெரிசலாகி ஜனங்க திட்டற வரைக்கும் காத்திருக்கல, டெர்மினல் 2 1990லயே வந்துருச்சு. டெர்மினல் 3 2008 ஜனவரி. பட்ஜெட் டெர்மினல்னு ஒண்ணு 2006ல கட்டுனாங்க, ஞாபகம் இருக்கா, ஏரோபிரிட்ஜ் கூட கெடையாது, மலிவு விமானக் கம்பெனிங்களுக்கு. ஆறு வருசம்தான், 2012ல மூடி இடிச்சுட்டு அந்த எடத்துல டெர்மினல் 4 கட்டி 2017ல தெறந்தாங்க. ஆனா டெர்மினல் 4க்கு மத்த டெர்மினல்களுக்கு நடுவுல ஓடற ஸ்கைடிரெயின் ரயில் கெடையாது, பஸ்தான், இத நான் எவ்ளோ நாள் வேணாலும் கொற சொல்லுவேன். ஜூவல் நிக்கற எடம் டெர்மினல் 1ஓட கார் பார்க். டெர்மினல் 2ல கடகடன்னு எழுத்து பெரளுற பழைய பலகை இருந்துச்சுல்ல, அதையும் 2020 பிப்ரவரில கழட்டிட்டாங்க, பார்ட்ஸ் கெடைக்கலயாம். எனக்கு வருத்தம்தான். ஆனா சாங்கிக்கு பழசு மேல பாசம் கெடையாது, அதோட பலமே அதானே.

இவ்ளோ அலங்காரம் எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு ஒரு விஷயம். சிங்கப்பூர்ல உள்நாட்டு விமானம்னு ஒண்ணே கெடையாது. பெரிய நாட்டு விமான நிலையத்துக்கு உள்ளூர் பயணி எப்படியும் வந்துதான் ஆவான். சாங்கிக்கு வர்றவங்கள்ல ஒரு பெரிய பங்கு விமானம் மாறிப் போற டிரான்சிட் கூட்டம், சென்னைல இருந்து சிட்னி போறவன், அவன் கோலாலம்பூர் வழியாவும் போலாம், பாங்காக் வழியாவும் போலாம். தோட்டமும் சினிமாவும் அவன இழுக்கற தூண்டில். வர்றவன் நாலு மணி நேரம் உக்காந்தா கடைல செலவு பண்ணுவான், கடை வாடகைல வருமானம். கோவிட் வந்தப்ப இதோட மறுபக்கம் தெரிஞ்சுது. 2019ல 68.3 மில்லியன் பயணிகள், 2021ல 3 மில்லியன் சொச்சம். எல்லைய மூடுனா சாங்கிக்கு வேற பொழப்பே இல்ல. டெர்மினல் 2, 4 ரெண்டையும் மூடி வெச்சாங்க, டெர்மினல் 5 வேலைய ரெண்டு வருசம் நிப்பாட்டுனாங்க. அப்பவும் சும்மா இருக்கல, காலியா கெடந்த டெர்மினல் 2 மொத்தத்தையும் புதுப்பிச்சு 2023ல முழுசா தெறந்தாங்க. 2024ல 67.7 மில்லியன், பழைய எண்ணிக்கைய கிட்டத்தட்ட தொட்டாச்சு.

இப்ப டெர்மினல் 5. 2025 மே மாசம் பிரதமர் லாரன்ஸ் வோங் அடிக்கல் வெச்சாரு. 2030கள் நடுவுல தெறப்பாங்களாம், வருசத்துக்கு 50 மில்லியன் பேரு. இருக்கற நாலும் சேந்து 90 மில்லியன் தாங்கும், இது ஒண்ணே 50. பெரிய பந்தயம், இன்னொரு நோய் வந்தா, எரிபொருள் வெல எகிறுனா, விமானத்துல போறதயே ஜனங்க கொறச்சா என்னன்னு கேள்வி இருக்கத்தான் செய்யுது. இருந்தாலும் கட்டணும்னுதான் சொல்வேன், எடம் தீந்து போனதுக்கப்புறம் கட்ட ஆரம்பிச்சா என்ன ஆகும்னு காலாங்கும் பாய லேபாரும் காட்டிருச்சு.

எனக்கு இடிக்கறது காசு விஷயம். 2018 ஜூலைல இருந்து நீங்க வாங்கற டிக்கெட்ல விமான நிலைய மேம்பாட்டு வரின்னு 10.80 வெள்ளி சேந்திருக்கு. அது டெர்மினல் 5 மாதிரி விரிவாக்கத்துக்கு. இங்கேருந்து கெளம்பறவனுக்கு 10.80, டிரான்சிட்காரனுக்கு 3 வெள்ளி. எல்லா கட்டணமும் சேத்தா 2024 ஏப்ரல் கணக்குப்படி கெளம்பறவனுக்கு 65.20, டிரான்சிட்காரனுக்கு 9. டிரான்சிட்காரன விரட்டிறக் கூடாதுன்றது புரியுது, அவன் வந்தாதான் இத்தன ஊருக்கு விமானம் ஓடும், அதனால நமக்கும் நேரடி விமானம் கெடைக்குதுன்ற வாதமும் சரிதான். ஆனா ஊருக்கு அம்மா அப்பாவ பாக்கப் போற ஒர்க் பெர்மிட் தொழிலாளியும் அதே கட்டணத்தத்தான் கட்டறாரு. டெர்மினல் 5 தெறக்கறதுக்குள்ள அவரு கான்டிராக்ட் முடிஞ்சு ஊருக்கே போயிருப்பாரு. இதுக்கு ஒரு வழி பண்ணலாம்ல? குறஞ்ச சம்பளக்காரங்களுக்கு ஒரு சலுகை, இல்ல டிரான்சிட் பக்கம் இன்னும் கொஞ்சம் ஏத்தறது.

சாங்கி வந்ததுக்கப்புறம் விமானப் படை கைக்குப் போன பாய லேபார் விமானத் தளத்தையும் 2030க்கு மேல காலி பண்ணப் போறாங்க, 800 ஹெக்டேர் நெலம், அத சுத்தி இருக்கற கட்டட உயரக் கட்டுப்பாடும் தளரும், ஹவ்காங் பக்கம் வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடுங்க) இன்னும் ஒசரமா கட்டலாம். 1975ல ஊருக்கு நடுவுல ரெண்டாவது ஓடுபாதைய போட்டிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. கமெண்ட்ல அருவி படம் போடறவங்க போடுங்க, ஆனா பாய லேபார் மாடில நின்னு கையாட்டுன ஃபோட்டோ யார் வீட்டு ஆல்பத்துலயாச்சும் இருந்தா மொதல்ல அதப் போடுங்க.