பத்துக்கு எத்தனை?

நேற்று உடற்பயிற்சி செய்தேன். இன்று காலை மாடிப்படி இறங்கும்போது இடது முட்டிக்குக் கீழே ஒரு கடுப்பு. கட்டிலை விட்டு எழுந்தபோது இல்லை, சமதரையில் நடந்தபோது இல்லை, மூன்றாவது படியில்தான் வந்தது. இவ்வளவு நுணுக்கமாகச் சொல்வதைப் பார்த்து வீட்டில் சிரிக்கிறார்கள். ஆனால் கால் நீட்டிப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் வலியை இப்படித்தான் சொல்லப் பழக வேண்டும் என்பது என் கட்சி. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

என் கதை தெரியாதவர்களுக்கு: சின்ன வயதில் விழுந்ததில் இடது கீழ்க்காலில், எலும்பு நீளமாக வளரும் அந்தத் தட்டில் அடிபட்டது. முறிவு கூடிவிட்டது, வளர்ச்சி நின்றுவிட்டது. ஆள் வளர்ந்து முடித்தபோது இடது கால் வலதைவிட நாலரை சென்டிமீட்டர் குட்டை. பல வருடம் செருப்புக்கு அடியில் கட்டை வைத்து ஓட்டினேன். பிறகு எலும்பை அறுத்து, காலைச் சுற்றி வளையங்கள் மாட்டி, கம்பிகளை எலும்புக்குள் கோத்து, ஒரு வாரம் சும்மா விட்டார்கள். அதன் பிறகு நாளுக்கு 1 மில்லிமீட்டர், அதையும் நாலாகப் பிரித்து, கால் மில்லிமீட்டர் கால் மில்லிமீட்டராக நானே திருகினேன். கால் கால்தான் வளர்ந்தது, சொல்லும்போது எனக்கே சிரிப்பு வரும். திருகியது 45 நாள். அந்த இடைவெளியில் முளைத்த எலும்பு கெட்டிப்பட்டு வளையம் கழற்றப்படும்போது எட்டு மாதம் முடிந்திருந்தது. கழற்றி இப்போது இரண்டு வருடம் ஆகிறது.

எல்லோருக்கும் கதை அங்கே முடிந்துவிடுகிறது. எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

நடக்கும்போது வலி இல்லை. உட்கார்ந்தால் இல்லை. உடற்பயிற்சி செய்தால், அன்றைக்கு ராத்திரியிலிருந்து இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள் கால் என்னிடம் கணக்குக் கேட்கும். மருத்துவரிடம் போனால் கேள்வி ஒன்றுதான்: "வலி பத்துக்கு எத்தனை?" நான் நாலு என்பேன். அவர் நாலு என்று எழுதுவார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். "எலும்பு அருமையாகக் கூடியிருக்கிறது, கவலைப்படாதீர்கள்." நான் திரும்பி வருவேன். ஒரு வருடம் இப்படியே போனது.

அவர் சொன்னது பொய்யில்லை. எலும்பு அருமையாகத்தான் கூடியிருந்தது. எக்ஸ்ரேயில் தெரிவது பெரும்பாலும் எலும்புதானே. தசையின் பலமும் தசைநாரின் இறுக்கமும் அதில் பதிவாகாது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: குட்டையாக இருந்தது எலும்பு. அதன் மேல் இருந்த சதைக்கும் நரம்புக்கும் இருந்த நீளமே போதும் என்றுதான் இருந்தது. எலும்பு வெட்டிய இடத்தில் புதிதாக வளர்ந்துகொள்கிறது. மற்றவை வேறு வழியில்லாமல் கூடவே இழுபடுகின்றன. கீழ்க்காலை நீட்டினால் முரண்டு பிடிப்பது கெண்டைக்கால் சதையும் குதிகாலுக்கு மேலே இருக்கும் அந்தத் தடித்த தசைநாரும். குதிகால் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். தொடை எலும்பை நீட்டியவர்களுக்கு முட்டி மடங்க மறுக்கும். எலும்புக்குக் கெட்டிப்பட மாதக்கணக்கு என்றால், வளைய காலத்தில் வற்றிப்போன தசை பழைய பலத்துக்கு வருவதற்கு அதைவிட அதிகம் பிடிக்கிறது. எனக்கு இரண்டு வருடம் போதவில்லை.

இந்தப் "பத்துக்கு எத்தனை" மேல் எனக்குக் கோபம் இல்லை. அறுவை முடிந்த வார்டில், மருந்தின் அளவைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று முடிவுசெய்ய அது நல்ல கேள்வி. இரண்டு வருடம் கழித்து வருகிற வலிக்கு அது போதாது. நாலு என்பது அளவு. சரக்கு என்னவென்று யார் கேட்பது? நம் மொழியில் வலிக்கு எத்தனை சொல் இருக்கிறது! கடுப்பு, இழுப்பு, குடைச்சல், உளைச்சல், குத்தல், எரிச்சல், பிடிப்பு, சுளீர், விண்விண். நம் பாட்டிமார் இவற்றைக் கலந்து பேசமாட்டார்கள். கால் உளையுது என்றால் ஒன்று, கால் குடையுது என்றால் வேறொன்று. மருத்துவமனை வாசலில் செருப்பைக் கழற்றும்போது இந்தச் சொற்களையும் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போய் "நாலு" என்கிறோம்.

இதை எனக்குப் புரியவைத்தவர் புதிதாக வந்த ஒரு பிசியோ, அதாவது பிசியோதெரபிஸ்ட். முதல் நாள் அவர் எண்ணே கேட்கவில்லை. "எந்த இடம், காட்டுங்க" என்றார். நான் உள்ளங்கையால் முட்டிக்குக் கீழே தடவினேன். "விரலால காட்ட முடியுமா?" முடியவில்லை. "சரி, நல்லது" என்றார். எப்போது வருகிறது, எதைச் செய்தால் வருகிறது, காலையில் எழும்போது இருக்கிறதா, ராத்திரி தூக்கத்தில் எழுப்புகிறதா என்று இருபது நிமிடம் கேட்டார். பிறகு சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முட்டியால் சுவரைத் தொடச் சொன்னார். வலது பாதத்தைச் சுவரிலிருந்து 11 சென்டிமீட்டர் தள்ளி வைத்தும் தொட முடிந்தது. இடதில் 5-க்கு மேல் போகவில்லை. அப்புறம் ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னார். வலதில் 25 வரை எண்ணிவிட்டுப் போதும் என்றார். இடதில் ஒன்பதாவதில் கால் நடுங்கிவிட்டது.

விஷயம் விளங்கிவிட்டது. கணுக்கால் மடங்கவில்லை. அது மடங்காததால் ஸ்குவாட் (குந்தி எழும் பயிற்சி) உட்காரும்போது பாதம் வெளியே திரும்பி, முட்டி உள்ளே சாய்ந்து, சுமை முழுவதும் முட்டியின் முன்பக்கத்தில் விழுந்திருக்கிறது. நான் அதன் மேல் வாரா வாரம் எடையைக் கூட்டியிருக்கிறேன். வலித்தால் "பலம் போதவில்லை போல" என்று இன்னும் கூட்டியிருக்கிறேன். முட்டி பாவம், யாரோ செய்த தப்புக்கு அடி வாங்கியது.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் எண் கிடையாது, சொல்தான். கடுப்பு என்று எழுதினால் வேலை செய்த தசை. மறுநாள் தெரியும், இரண்டாம் நாள் உச்சம், அப்புறம் தானாக இறங்கிவிடும். அதற்குப் பயப்படுவதில்லை. இழுப்பு என்றால் கெண்டைக்கால், அன்றைய நீட்சிப் பயிற்சியைச் சோம்பேறித்தனத்தால் விட்டிருப்பேன். பாதத்தின் மேல்பக்கம் எரிச்சலோ மரமரப்போ வந்தால் அது நரம்பு சொல்லும் செய்தி. திருகிய நாட்களில் எனக்கு அது வந்தபோது சொன்னவுடனே வேகத்தைக் குறைத்தார்கள். மூட்டிலோ தசைநாரிலோ வரும் வலி மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் முந்தைய நாள் செய்தது அதிகம், அடுத்த முறை குறைக்க வேண்டும். இந்த ஒரு கணக்கு என்னை எத்தனையோ முறை காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் ஒரு முறை நான் ஏமாந்தேன். இந்த நோட்டுக்கு முன்னால், வளையம் கழற்றிய இரண்டாவது மாதம். உற்சாகத்தில் யாரும் சொல்லாமலே கயிறு தாண்ட ஆரம்பித்தேன். நாலைந்து நாளில் கீழ்க்காலின் நடுவில் ஒரு குத்தல். விரல் நுனியால் தொட்டால், இதோ இங்கே என்று சொல்லிவிடலாம். காலை ஊன்றினால் வரும், தூக்கினால் போய்விடும். ஓய்வெடுத்தால் சரியாகும் என்று சொல்லிக்கொண்டே, அந்த ஓய்வையும் எடுக்காமல் பத்து நாள் ஓட்டினேன். கடைசியில் படம் எடுத்தால், குத்திய இடம் புதிதாக வளர்ந்த எலும்பில். முறியவில்லை, முறியும் வழியில் இருந்தது. ஆறு வாரம் திரும்பவும் ஊன்றுகோல். அந்த வலிக்கும் நான் நாலுதான் போட்டிருப்பேன்! முட்டிக் கடுப்புக்கும் நாலு, எலும்பு விரியப்போகிற குத்தலுக்கும் நாலு.

அதனால் சொல்கிறேன். ஒற்றை விரலால் காட்டக்கூடிய எலும்பு வலி, தூக்கத்தைக் கெடுக்கும் வலி, வீக்கமும் சூடும் சேர்ந்த விண்விண், கம்பி போன துளை பல மாதம் கழித்துச் சிவந்து கசிவது, காய்ச்சல், கால் புதிதாக வளைந்ததுபோல் தெரிவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்குவது... இவற்றுக்கெல்லாம் நோட்டு வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள். கால் வீக்கத்தோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்கு.

வெளியே வளையம் இல்லாமல், உள்ளே ஆணி வைத்து நீட்டியவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். கீழ்க்கால் ஆணி பெரும்பாலும் முட்டியின் முன்பக்கமாக நுழைகிறது. மண்டியிட்டால், படி ஏறினால் அங்கே வலிப்பது அவர்களில் பலர் சொல்வதுதான். ஆணியின் முனையோ திருகின் தலையோ சதையில் உரசினாலும் பயிற்சிக்குப் பிறகு வலிக்கும். எவ்வளவு நீட்சிப் பயிற்சி செய்தாலும் அது போகாது, எலும்பு நன்றாகக் கெட்டிப்பட்ட பிறகு அதை எடுக்க வேண்டியதுதான். இன்னொன்று, காலின் நேர்க்கோடு. நீட்டும்போது அச்சு சற்று விலகினாலும் முட்டியின் ஒரு பக்கம் கூடுதல் சுமை ஏறும். நின்றபடி இடுப்பிலிருந்து கணுக்கால் வரை முழுநீளப் படம் எடுத்தால்தான் அது தெரியும். வலித்த இடத்தை மட்டும் எடுத்த துண்டுப் படத்தில் தெரியாது. "எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது" என்று சொன்னால் எந்த எக்ஸ்ரே என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவில்லை.

சுற்றியிருப்பவர்கள் இரண்டு கட்சி. "இவ்வளவு தாங்கினாய், இதைத் தாங்கமாட்டாயா?" என்பது ஒன்று. "அதான் நடக்கிறாயே, உனக்கெதற்கு உடற்பயிற்சி?" என்பது இன்னொன்று. இரண்டுமே அன்பில் வருவதுதான், ஆனால் முதல் பேச்சைக் கேட்டுத்தான் பத்து நாள் குத்தலோடு ஓட்டினேன், இரண்டாவதைக் கேட்டிருந்தால் கெண்டைக்கால் இன்னும் ஒன்பதிலேயே நின்றிருக்கும். பயிற்சிக்கு முன்பே வலி மாத்திரை போட்டுக்கொள்ளச் சொன்ன நண்பரும் உண்டு. சாட்சியை வாய்கட்டி உட்காரவைத்துவிட்டு விசாரணை நடத்துவது மாதிரி அது. போதாததற்கு, எலும்பு வளரும் காலத்தில் சில வகை வலி மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். கேட்காமல் போடாதீர்கள்.

இந்த வளையத்தை உருவாக்கிய சோவியத் மருத்துவர் இலிசரோவ், சைபீரியாவின் குர்கான் நகரில் 1950-களில் இந்த முறையை வளர்த்தெடுத்தவர். அவரிடம் 1968-இல் போனவர் வலேரி புரூமெல். 1964 ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கி, அடுத்த ஆண்டே மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கிப்போனவர். பல அறுவைகளுக்குப் பிறகு அங்கே போய்க் குணமாகி மறுபடி தாண்டினார். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். அவருடைய உலக சாதனை 2.28 மீட்டர், அதன் பக்கத்தில் அவர் பிறகு வரவே இல்லை என்பதைச் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. எனக்கு அந்தப் பாதிதான் ஆறுதல். உயரத்துக்காக மட்டும் நீட்டிக்கொள்வோரின் வீடியோக்களிலும் இதே சங்கதி: முன் படம், பின் படம், நடுவில் பாட்டு. ஸ்குவாட் செய்த மறுநாள் காலை படி இறங்கும் காட்சியை எவரும் போடுவதில்லை.

ஒரு வேடிக்கையும் உண்டு. கால் சமமாகி இவ்வளவு நாள் ஆகியும் என் உடம்பு இன்னும் நம்பவில்லை. களைத்துவிட்டால் இடுப்பு இடது பக்கம் தானாகச் சாய்கிறது, இல்லாத பள்ளத்தில் கால் வைப்பதுபோல. சில நாள் வலது பக்க இடுப்பு வலிப்பது அதனால்தான். கண்ணாடி முன்னால் மெதுவாக நடந்து பழகச் சொல்லியிருக்கிறார் பிசியோ. சின்னப் பிள்ளை நடை பழகுவது மாதிரி இருக்கிறது, கூச்சமாகவும் இருக்கிறது.

சுவருக்கும் பாதத்துக்கும் நடுவில் இப்போது 8 சென்டிமீட்டர். குதிகால் தூக்கல் 17. எடை இல்லாமல்தான் ஸ்குவாட், குதிகாலுக்கடியில் சின்ன மரப்பலகை வைத்து. செருப்புக்கடியில் கட்டை வைத்தவனுக்கு மறுபடியும் கட்டை! இன்றைய நோட்டில்: "மூன்றாவது படி, கடுப்பு, உள்ளங்கை அளவு, மதியம் இல்லை." நாளை கால்களுக்கு விடுமுறை, கண்ணாடி நடை மட்டும்.