செம்பைச் சேர்க்கும் வரிசைதான் முக்கியம்

புதிய டிஎன்ஏவில் நுழையும் எடியூ என்ற பொருளைக் கொண்டு செல் பிரிதலை அளப்பது பற்றி, கிளிக் வேதியியல் குறித்த கட்டுரை ஒன்று நன்றாகச் சொல்கிறது. எடியூவின் அல்கைன் முனையோடு, அசைடு என்ற தொகுதி கொண்ட ஒளிரும் சாயத்தைச் செம்பின் உதவியால் இணைப்பதுதான் இந்த வினை. ஆனால் அதிலுள்ள "எல்லாவற்றையும் கலந்தால் வினை நடந்துவிடும்" என்ற வரியை நம்பிப் புதிதாகத் தொடங்குபவர்கள் ஏமாந்துவிடக்கூடாது.

காப்பர் சல்பேட்டையும், செம்போடு பிணைந்து அதைக் கட்டுக்குள் வைக்கும் டிஹெச்பிடிஏ (THPTA) லிகாண்டையும் 1:5 மோலார் விகிதத்தில் முதலில் தனியே கலந்துகொள்ளுங்கள். அதை மாதிரியில் சேர்த்த பிறகு, கடைசியாகத்தான் செம்பை வினைபுரியும் வடிவத்துக்கு மாற்றும் சோடியம் அஸ்கார்பேட். புரத மாதிரிக்கு செம்பு 0.1 முதல் 0.25 மில்லிமோலார் வரை, அஸ்கார்பேட் 5 மில்லிமோலார் போதும். லிகாண்ட் குறைந்தால் செம்பும் அஸ்கார்பேட்டும் ஆக்சிஜனோடு சேர்ந்து தீவிரமான ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கி, ஹிஸ்டிடின் போன்ற அமினோ அமிலங்களைச் சிதைத்துவிடும்.

அஸ்கார்பேட்டை அன்றன்றே கரையுங்கள்: 1 மில்லி நீரில் 20 மில்லிகிராம் போட்டால் சுமார் 100 மில்லிமோலார். கரைசல் மஞ்சளாகிவிட்டால் கொட்டிவிடுங்கள், பயனில்லை. பஃபரில் உலோக அயனிகளைப் பிடிக்கும் ஈடிடிஏ இருந்தால் அது செம்பைப் பிடித்துக்கொள்ளும். சிக்னல் வராததற்கு இது அடிக்கடி காணும் காரணம். ஜிஎஃப்பி (பச்சை ஒளிர் புரதம்) ஒளிர்வும், செல்லின் ஆக்டின் இழைகளைக் காட்டும் ஃபல்லாய்டின் சாயமும் செம்பால் கெடும்.

உயிருள்ள செல்லுக்கு, செம்பில்லாமலே அசைடோடு இணையும் டிபிசிஓ (DBCO) பொருத்தம்தான். ஆனால் அது புரதங்களிலுள்ள தயோல்களோடும் (கந்தக-ஹைட்ரஜன் தொகுதிகள்) ஒட்டும். செல்லை உடைத்த சாறில் முதலில் அயோடோஅசிட்டமைடு போட்டுத் தயோல்களை அடைக்காவிட்டால் பின்னணி ஒளிர்வு ஏறும். அசைடு சேர்க்காத கட்டுப்பாட்டு மாதிரி ஒன்றைக் கட்டாயம் வையுங்கள்.